பச்சையா, சிவப்பா? பழைய வண்டிக்கு எந்தக் கூலன்ட்?

கேள்வி: அப்பா வாங்கிய 1996 மாருதி 800 இன்னும் எங்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டரில் இருந்த பச்சைக் கூலன்ட் இப்போது துருத்தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மெக்கானிக் சிவப்புதான் நல்லது என்கிறார், கடைக்காரர் பச்சையே போதும் என்கிறார். என் மச்சானோ, இதெல்லாம் பனி பெய்யும் ஊருக்கு, நமக்குத் தண்ணீரே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- நாமக்கல் வாசகர்

பதில்: முதலில் மச்சான் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடக் கெட்டிக்காரத்தனமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால், அந்த அழுத்தத்தில் அது சுமார் 118 டிகிரி வரை தாங்கும். கூலன்ட்டின் அடிப்படைத் திரவமான கிளைகாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் 125-ஐத் தாண்டும். சித்திரை வெயிலில் கொல்லிமலை வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது அந்தச் சில டிகிரிதான் இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைக் காப்பாற்றும். அதைவிடப் பெரிய விஷயம் துரு. இன்ஜினுக்குள் இரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப்பற்று எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறிக்கொண்டு இருக்கின்றன. தடுப்பு மருந்து எதுவும் இல்லாத தண்ணீர் இவற்றை ஒவ்வொன்றாக அரித்துத் தின்னும். கூலன்ட்டை நாம் போடுவது பாதிக்கு மேல் இதற்காகத்தான். உங்கள் வண்டியிலிருந்து வந்த அந்தத் துருத்தண்ணீரே அதற்குச் சாட்சி.

சரி, பச்சையா சிவப்பா? இரண்டு பேரும் நிறத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். நிறம் வெறும் சாயம், அதற்குப் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் உள்ளே வேறு வேறு மருந்தாக இருக்கலாம், அதே மருந்து வேறு புட்டியில் நீலமாகவும் வரலாம். பார்க்க வேண்டியது அந்தத் துரு மருந்து எந்த வகை என்பதை. பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட், போரேட் மாதிரி உப்புகள் இருக்கும். வேகமாக வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். புதிய வகையில் கரிம அமிலங்கள். துரு பிடிக்கத் தொடங்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு மெதுவாகச் செலவாகும், ஐந்து வருடம் வரை வரும். இரண்டையும் கலந்து செய்த கலப்பு வகையும் உண்டு.

இதில் உங்கள் வண்டிக்கு நேராகப் பொருந்தும் ஒரு கதை இருக்கிறது. ஐரோப்பாவில் பல இடங்களில் தண்ணீர் உப்பு மிகுந்த கடினத் தண்ணீர் என்பதால் அங்கே வண்டி செய்கிறவர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கினார்கள், ஏனென்றால் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் அது சேர்ந்தால் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும். ஜப்பான்காரர்கள் சிலிகேட்டை ஒதுக்கினார்கள், அது வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கிறது என்று. அவர்கள் பாஸ்பேட் பக்கம் போனார்கள். மாருதி 800-இன் இன்ஜின் சுசுகி வழி வந்தது, ஜப்பான் வழி. அப்படியானால் பாஸ்பேட் உள்ள ஜப்பான் வகைக் கூலன்ட்தான் இதற்கு இயல்பாகப் பொருந்தும். நம் ஊர் போர் தண்ணீரோ ஐரோப்பாவை மிஞ்சும் அளவுக்குக் கடினம். இந்த இரண்டையும் ஒரே ரேடியேட்டரில் சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஆம்னிக்கு ஒரு பட்டறையில் நல்ல கூலன்ட்தான் வாங்கி ஊற்றினார்கள், ஆனால் அதில் கலந்தது பட்டறைத் தொட்டியில் இருந்த போர் தண்ணீர். இரண்டு கோடை கழித்து வண்டி சூடாகிறது என்று, சூடு ஏறினால் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கும் குழாயைக் கழற்றினோம். வெந்நீர் கெட்டிலின் அடியில் படியுமே, அதே வெள்ளை ஓடு உள்ளே சுற்றிலும் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று உதிர்ந்தது. ஹோஸ் பைப் மாட்டும் அலுமினிய வாயோ செல்லரித்த பலகை மாதிரி ஓரமெல்லாம் குழி குழியாகப் போயிருந்தது. கூலன்ட்டில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்தான் கெடுத்தது. ஆகவே எந்தக் கூலன்ட் என்று கேட்கிற எல்லோரிடமும் எந்தத் தண்ணீர் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். சீல் பிரிக்காத டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குங்கள், பேட்டரி தண்ணீர் என்று விற்பார்கள். லூசில் ஊற்றிக் கொடுப்பதை வாங்க வேண்டாம். இல்லையென்றால் ஏற்கெனவே கலந்து வரும் ரெடி மிக்ஸ் புட்டி, கொஞ்சம் விலை கூடினாலும் இந்தத் தலைவலியே இல்லை.

இனி ரேடியேட்டரைப் பாருங்கள். 1996 வண்டி என்றால் முதலில் வந்தது செம்பு பித்தளை ரேடியேட்டராகத்தான் பெரும்பாலும் இருக்கும். மேலேயும் கீழேயும் உள்ள தொட்டி உலோகமாக, கறுப்புப் பெயின்ட் அடித்து, இணைப்புகளில் ஈயம் வைத்துப் பற்றியிருப்பார்கள். ஒரு மூலையில் பெயின்ட்டை லேசாகச் சுரண்டினால் மஞ்சளாகத் தெரியும். நடுவில் யாராவது மாற்றியிருந்தால் தொட்டி பிளாஸ்டிக்காகவும் நடுப்பகுதி அலுமினியமாகவும் இருக்கும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் கலப்பு வகையோ கரிம வகையோ எதையும் தாராளமாகப் போடலாம். ஈயப்பற்று உள்ள பழைய பித்தளை ரேடியேட்டர் இன்னும் இருந்தால் என் ஓட்டு பழைய வகைக்கு, அல்லது பாஸ்பேட் சேர்ந்த கலப்பு வகைக்கு. முழுக்கக் கரிம அமிலம் மட்டும் உள்ளது ஈயப்பற்றை வருடக்கணக்கில் காப்பதில் அவ்வளவு பெயர் வாங்கவில்லை. ஆக உங்கள் மெக்கானிக் தப்பு, கடைக்காரர் சரி என்று சொல்லத் தோன்றும், ஆனால் அந்தக் கடைக்காரரின் பச்சைப் புட்டியும் எந்த வகை என்று தெரியாமல் சொல்ல முடியாது.

புட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஜேஐஎஸ் கே 2234 (ஜப்பான் தரம்), ஐஎஸ் 5759 (இந்தியத் தரம்), ஏஎஸ்டிஎம் டி 3306 (அமெரிக்கத் தரம்) ஆகியவற்றில் ஒன்றாவது அச்சாகியிருக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு முதலாவது இருந்தால் இன்னும் நல்லது. இந்த எண்களை அலங்காரத்துக்குப் போடுவதில்லை. ஏஎஸ்டிஎம் தரத்தில் உள்ள ஒரு சோதனையில் செம்பு, ஈயப்பற்று, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகிய ஆறு உலோகத் துண்டுகளையும் 88 டிகிரி சூட்டில் 336 மணி நேரம், அதாவது முழுசாக இரண்டு வாரம், கூலன்ட்டில் ஊறவைத்து எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பார்கள். எந்த எண்ணும் இல்லாமல் வெறும் பளபளப்பான படமும் "ஆல் சீசன்" என்ற சொல்லும் மட்டும் உள்ள புட்டியை வாங்காதீர்கள். சாயம் போட்ட தண்ணீரும் அதே நிறத்தில்தான் இருக்கும்.

மாற்றும் முறையில் ஒரு விஷயம்தான் முக்கியம்: பழையது முழுக்க வெளியே வர வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கீழே உள்ள ஹோஸைக் கழற்றி ஒரு பக்கெட்டில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி, ஹீட்டர் இருந்தால் அதைச் சூடான பக்கம் திருப்பி வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு மறுபடி இறக்குங்கள். தெளிவாக வரும் வரை மூன்று நான்கு முறை ஆகும், சலித்துக்கொள்ளாதீர்கள், கடைசி முறை மட்டும் டிஸ்டில்டு வாட்டர். எவ்வளவுதான் இறக்கினாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதனால் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் மொத்த அளவில் பாதிக்கு, தண்ணீர் கலக்காத கூலன்ட்டான கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். பக்கெட்டில் அளந்த அளவு புத்தகத்தைவிட எவ்வளவு குறைவோ அவ்வளவு உள்ளே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மூடியைத் திறந்தபடியே வண்டியை ஐடிலில் ஓடவிட்டுக் குமிழி வருவது நிற்கும் வரை காத்திருங்கள். மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒருமுறை அளவு பாருங்கள், காற்று வெளியேறி இறங்கியிருக்கும்.

கடைசியாக, யாராவது "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம், வண்டி கூலாக ஓடும்" என்றால் சம்மதிக்காதீர்கள். 80 டிகிரியைத் தாண்டித் திறப்பதற்காகவே அந்த வால்வை வைத்திருக்கிறார்கள். அது இல்லாத இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலையும் குடித்து, சீக்கிரம் தேயும்.

கேள்வி: நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் புல்லெல்லாம் உறைபனியாகிவிடும். பழைய ஜீப்புக்கு 1:3 என்று போட்ட கூலன்ட் போதுமா, அல்லது தண்ணீரே கலக்காமல் அப்படியே ஊற்றட்டுமா?
- ஊட்டி வாசகி

பதில்: அப்படியே ஊற்றிவிடாதீர்கள் அம்மா. தண்ணீர் கலக்காத கிளைகால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும், பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கேட்கும்போது ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. உங்கள் 1:3, அதாவது நான்கில் ஒரு பங்கு கலந்தாலும் மைனஸ் 10-க்குக் கீழே வரை தாங்கும், ஊட்டிக் குளிருக்கு அது போதும். இருந்தாலும் பழைய ஜீப்பில் துருவுக்காகவாவது மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வைப்பேன்.

கேள்வி: வழியில் கூலன்ட் குறைந்துவிட்டது. உள்ளே இருப்பது பிங்க், கடையில் கிடைத்தது நீலம். ஊற்றிவிட்டேன். இன்ஜின் போய்விடுமா?
- திண்டிவனம் வாசகர்

பதில்: போகாது, பதற வேண்டாம். சூடாகி நின்று ஹெட் வளைவதைவிட எதையாவது ஊற்றி வீடு போய்ச் சேர்வது மேல். ஆனால் இரண்டும் வேறு வேறு வகை மருந்தாக இருந்தால் ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்ளும். வோக்ஸ்வாகன் வண்டிகளில் பழைய நீலப்பச்சை ஜி11-ஐயும் சிவப்பு ஜி12-ஐயும் கலந்து பழுப்புச் சேறாகிப் போனது ஊரறிந்த விஷயம். ஆகவே இந்த மாதத்துக்குள் முழுக்க இறக்கிக் கழுவி ஒரே வகையாக மாற்றுங்கள். அடுத்த முறைக்கு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரை டிக்கியில் போட்டுவையுங்கள், அதை எந்தக் கூலன்ட்டோடும் சேர்க்கலாம். அப்புறம், அது ஏன் குறைந்தது என்று இன்னும் நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்ப்புக்குக் கீழே, பிறகு ஆயில் மூடிக்கு உள்பக்கம். அங்கே பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: பழைய டீசல் டிராக்டர், வெட் லைனர் இன்ஜின். காருக்கு வாங்கிய கூலன்ட் மீதியிருக்கிறது, ஊற்றலாமா?
- ஒரத்தநாடு வாசகர்

பதில்: வேண்டாம். வெட் லைனர் என்பது பிஸ்டன் ஓடும் உருளை, அதன் வெளிப்பக்கம் நேராகக் கூலன்ட்டில் நனைந்திருக்கும். அது அதிரும்போது வெளிப்பக்கம் நுண்குமிழிகள் உண்டாகி வெடிக்கும், நாளாக ஆக ஊசி குத்தினது மாதிரி ஓட்டை விழுந்து கூலன்ட் ஆயிலுக்குள் வந்துவிடும். இதைத் தடுக்க நைட்ரைட் போன்ற தனி மருந்து வேண்டும், சாதாரணக் கார் கூலன்ட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. கனரக டீசலுக்கு என்று போட்டதையே வாங்குங்கள்.

கேள்வி: இறக்கிய பழைய கூலன்ட்டைத் தென்னைக்கு ஊற்றலாமா?
- பொள்ளாச்சி வாசகி

பதில்: தயவுசெய்து வேண்டாம், சாக்கடையிலும் வேண்டாம். எத்திலீன் கிளைகால் விஷம், அதோடு இனிப்பாகவும் இருக்கும், அதனால் நாயும் பூனையும் ஆசையாக நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே பெரிதாக விஷம் என்று எழுதி, உயரத்தில் வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். தரையில் சிந்தியதை மண் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வண்டிக்கு அடியில் பக்கெட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம், அந்த ஐந்து நிமிடத்தில்தான் வீட்டு நாய் வந்துவிடும்.