கையெழுத்துப் பிரதிகள் எரிவதில்லை என்கிறார்களே, அது உண்மையா?

எரியும். என் கடை வாசலில் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சங்கரன்கோவிலில் பத்திர ஆபீசுக்கு எதிரே 22 வருஷம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு பெரியவர் உயில் அடிக்க வந்தார். மூன்று படி. அடித்து முடித்ததும் தாள்களை எண்ணி வாங்கிக்கொண்டு, "அந்தக் கார்பனையும் குடும்மா" என்றார். புதுக் கார்பன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எந்த மகனுக்கு எந்த வயல் என்பது வரை வரிவரியாகத் தெரியும். வாசலிலேயே தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்தி, சாம்பலைச் செருப்பால் தேய்த்துவிட்டுப் போனார்.

பல வருஷம் கழித்து ருஷ்ய எழுத்தாளர் வசீலி கிராஸ்மனைப் பற்றிப் படித்தபோது அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். 1961 பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறை ஆட்கள் கிராஸ்மன் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவரைக் கைது செய்யவில்லை. அவர் எழுதிய நாவலைக் கைது செய்தார்கள். தட்டச்சுப் பிரதிகள், கையால் எழுதிய வரைவுகள், கார்பன் தாள்கள், டைப்ரைட்டர் ரிப்பன்கள் எல்லாம் போயின. வெளியிடக் கொடுத்திருந்த பத்திரிகை அலுவலகத்தில் இருந்த படிகளும் போயின. நாவலை அடித்துக் கொடுத்த டைப்பிஸ்டுகளையும் விடவில்லை. ரிப்பனை எதற்கு எடுத்தார்கள் என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மிஷினில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். புது ரிப்பன் முதல் ஓட்டத்தில் எழுத்தை அப்படியே வைத்திருக்கும். பொறுமை உள்ளவன் இழுத்து இழுத்துப் படித்துவிடலாம்.

அந்த நாவலின் பெயர் 'வாழ்வும் விதியும்'. கிராஸ்மன் ஸ்டாலின்கிராட் போர்முனையிலேயே இருந்து ராணுவப் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவர். யூதரான அவர் தாயை 1941இல் பெர்திச்சேவ் ஊரில் நாஜிகள் கொன்றார்கள். நாவலை அந்தத் தாய்க்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். நாஜி ஆட்சியும் ஸ்டாலின் ஆட்சியும் ஒன்று மற்றொன்றின் முகத்தில் தன்னையே பார்ப்பதுபோல அதில் ஒரு இடம் வரும். அதனால்தான் அரசு பயந்தது என்பார்கள். எனக்கு வேறொரு இடம் நெஞ்சில் நிற்கிறது. ஸ்த்ரூம் என்ற விஞ்ஞானி கசான் நகரத்தில் நண்பர்களோடு ஒரு ராத்திரி பயமில்லாமல் மனம்விட்டுப் பேசுகிறான். பேசிவிட்டு வீட்டுக்கு நடந்து போகும்போது, எத்தனையோ நாளாகப் பிடிபடாமல் இருந்த அவனுடைய கணக்கு சட்டென்று பிடிபடுகிறது. அரசியலைப் பேசிய வாய்க்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மனசு ஒன்றுதானே. ஒரு மூலையில் பூட்டுப் போட்டால் இன்னொரு மூலையும் சேர்ந்தேதான் இறுகும். மகன் கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்து ஆறு மாதம் படித்தேன். அந்த அத்தியாயத்தை மட்டும் மூன்று தடவை.

கிராஸ்மன் 1962இல் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்குக் கடிதம் எழுதினார். என் புத்தகத்துக்கு விடுதலை கொடுங்கள், அது சிறையில் கிடக்கும்போது நான் மட்டும் வெளியே நடமாடுவதில் அர்த்தமில்லை என்பதுதான் கடிதத்தின் சாரம். கம்யூனிஸ்ட் கட்சியின் பெரிய தலைவர் சூஸ்லவ் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். இன்னும் 200, 300 வருஷத்துக்கு இதை வெளியிட முடியாது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1964 செப்டம்பரில் 58 வயதில் கிராஸ்மன் புற்றுநோயால் இறந்தார். தன் புத்தகத்தை அவர் அச்சில் பார்க்கவே இல்லை.

ஆனால் இரண்டு படிகள் தப்பியிருந்தன. சோதனைக்கு முன்பே ஒன்றைக் கவிஞர் செம்யோன் லிப்கினிடமும், இன்னொன்றை இளமைக்கால நண்பர் லோபதாவிடமும் அவர் கொடுத்து வைத்திருந்தார். லிப்கின் பத்து வருஷத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. 1970களின் நடுவில் எழுத்தாளர் வொய்னோவிச்சின் உதவியைக் கேட்டார். அணு விஞ்ஞானி சகாரவும் அவர் மனைவியும் பக்கம் பக்கமாகப் புகைப்படம் எடுக்க உதவினார்கள். படச்சுருள் நாடு கடந்தது. 1980இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் நாவல் அச்சேறியது. 1988இல் சோவியத் பத்திரிகை ஒன்றிலேயே வந்தது. படச்சுருளில் தெளிவில்லாமல் விடுபட்ட இடங்களைப் பிறகு லோபதாவிடம் இருந்த படியை வைத்து நிரப்பினார்கள். 2013இல் உளவுத்துறை தான் பிடித்து வைத்திருந்த கட்டுகளை ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது. அப்போது அந்த நாவலை உலகமே படித்து முடித்திருந்தது.

'கையெழுத்துப் பிரதிகள் எரிவதில்லை' என்று நீங்கள் கேட்கிற வரி ருஷ்ய எழுத்தாளர் புல்காகவின் 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்' நாவலில் வருவது. அந்த நாவலின் முதல் வரைவை 1930இல் அவரே தீயில் போட்டார். பிறகு முதலிலிருந்து எழுதி, 1940இல் சாகும் வரைக்கும் திருத்திக்கொண்டே இருந்தார். அச்சில் வரத் தொடங்கியது 1966இல், அதுவும் தணிக்கையில் வெட்டுப்பட்டு. நடுவில் இருந்த 26 வருஷமும் அதைப் பொத்திப் பொத்திக் காத்தவர் அவர் மனைவி எலேனா. அந்த வரி இன்றைக்கு நம் காதுக்கு வருகிறது என்றால் அந்தப் பெண் அலமாரியைப் பூட்டி வைத்திருந்ததால்தான்.

அப்படி ஒருவர் வாய்க்காதவர்களும் உண்டு. ருஷ்ய எழுத்தாளர் ஈசாக் பாபெலை 1939 மே மாதம் கைது செய்தபோது அவருடைய எழுத்துக்கட்டுகளையும் அள்ளிப் போனார்கள். 1940 ஜனவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கட்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. அவற்றில் என்ன இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எழுத்துக்குச் சாவே இல்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பாபெலின் அந்த எழுத்து செத்துவிட்டது, கொன்றுவிட்டார்கள்.

சோவியத் நாட்டில் அப்போது தடைபட்ட எழுத்தைப் படி எடுப்பதே ஒரு துணிச்சல். மெல்லிய தாளை அடுக்கி நடுவே கார்பன் வைத்து ராத்திரியில் அடிப்பார்களாம். கையில் கிடைத்தவர் தான் படித்துவிட்டு, இன்னும் சில படி அடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். எரிகா என்ற ஜெர்மன் மிஷினில் நாலு படி வரும், அது போதும் என்று ஒரு பாட்டே இருந்தது. எனக்கு அந்த நாலாவது படியை நன்றாகத் தெரியும். எழுத்து மங்கி, 'a'வும் 'o'வும் ஒன்றுபோல் புகையாக நிற்கும். எங்கள் கடையில் அதை வாடிக்கைக்காரரிடம் கொடுக்கக் கூசுவோம். அங்கே அந்தப் புகையைப் படிக்கத்தான் மனிதர்கள் வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்தார்கள்.

இதையெல்லாம் ருஷ்யக் கதையாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கரிவலம்வந்தநல்லூர். அங்கே கோயிலில் பழைய ஏடுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிக்கொண்டு போனார். ஆகமப்படி ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று அங்கே சொன்னார்களாம். எந்த அரசும் தடை போடவில்லை, யாருக்கும் அந்த ஏடுகள் மேல் பகையும் இல்லை. பக்தியோடு எரித்திருக்கிறார்கள்! பனையோலை எப்படியும் சில நூறு வருஷத்தில் செல்லரித்துப் பொடியாகிவிடும். அதற்குள் ஒருவர் புது ஓலையில் பெயர்த்து எழுதினால் நூல் பிழைக்கும். நம் சங்கப் பாட்டுகள் பிழைத்து வந்த வழி அதுதான். பெயர் தெரியாத யாரோ ஒருவர் தலைமுறைக்குத் தலைமுறை குனிந்து உட்கார்ந்து கீறியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் அந்த ஒருவர் இல்லாமல் போனார். தடை போட்ட இடத்தில்கூட ஒரு லிப்கின் இருந்தார் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

கடையை மூடி ஏழு வருஷம் ஆகிறது. போன ஆடியில் எங்கள் தெருவில் வில்லுப்பாட்டுப் படிக்கிற அண்ணாச்சி ஒருவர் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் தாத்தா ஓலையிலிருந்து பார்த்து எழுதியது. ஓலை இப்போது இல்லை. நோட்டின் ஓரமெல்லாம் பூச்சி தின்றிருக்கிறது. "எனக்குப் பெறவு இதை யாரு படிக்கப் போறா தாயி, ஒன்கிட்டயாவது கெடக்கட்டும்" என்றார். நான் அதை வாங்கிச் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. தினமும் சாயந்திரம் இரண்டு பக்கம் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். புரியாத சொல் வந்தால் அவரைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லிக் கேட்டு அடிக்கிறேன். ஓரிடத்தில் கோயில் மரியாதை கேட்டுப் போன ஒருவனை அடித்துத் துரத்திய கதை வருகிறது. அதை மட்டும் விட்டுவிடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். விடவில்லை.

இதுவரை 140 பக்கம் ஆகியிருக்கிறது. முடிந்ததும் நாலு படி எடுப்பேன். ஒன்று அண்ணாச்சிக்கு, ஒன்று என் மகனுக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு. நாலாவது படியை இந்த ஊரை விட்டு வெளியே இருக்கிற ஒருவரிடம் கொடுக்க வேண்டும். ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.