மூன்று தலைமுறையாகக் குடி. இது பரம்பரைச் சாபமா, என் மகனுக்கும் வருமா?

தாத்தா, அப்பா, இப்போது அண்ணன் என்று வரிசையாகக் குடி, சபையில் சிலர், பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கப்படும் என்கிற யாத்திராகமம் 20-ஐக் காட்டி, சாபக்கட்டு முறிக்கிற ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போயிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரன், சிஎஸ்ஐ சபை. 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது எங்கள் மாவட்டத்தில்தான். "உன் பூட்டன் மனந்திரும்பிக் குடிய விடல, கடைய மூடினதால விட்டாரு" என்று அப்பாயி சொல்லிச் சிரிக்கும். 1971-ல் மறுபடி கடை திறந்தபோது தாத்தா போய் நின்றார். அவருக்குக் கொலுசுப் பட்டறையில் வாரக்கூலி. சனிக்கிழமை வாங்கிய கூலி ஞாயிறு ஆராதனைக்கு முன்பே தீர்ந்துவிடும். கடன்காரர் வந்தால் பள்ளிக்கூடப் பையனான என் அப்பாவை வாசலுக்கு அனுப்புவார்கள்: "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு." தாத்தா உள்ளே படுத்திருப்பார்.

அப்பா ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. அதைச் சபையில் சாட்சியாகவே சொல்வார். ஆனால் சீட்டுப் பணம் கட்ட முடியாத நாளில் "இன்னைக்கு பேங்க் லீவுங்க" என்பார். குடி போய்விட்டது. குடியை மூடி வைக்கச் சொல்லிப் பழகிய பொய் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைப் பொய் என்று நினைத்து நான் வளரவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சமாளிப்பு.

ஏற்காட்டில் நான் போன முகாமில் ஒரு தாள் கொடுத்து, நான்கு தலைமுறைப் பெயர்களையும் அவரவர் பாவத்தையும் எழுதச் சொன்னார்கள். பூட்டனுக்கும் தாத்தாவுக்கும் நேரே 'குடி' என்று எழுதினேன். அப்பாவுக்கும் எனக்கும் நேரே ஒன்றும் எழுதவில்லை. ஜெபித்தார்கள், அழுதேன். அந்த அழுகை உண்மையானதுதான். மறுநாள் பேருந்தில் இறங்கும்போது என் மகள் கொண்டை ஊசி வளைவுகளை இருபதிலிருந்து ஒன்று வரை எண்ணிக்கொண்டே வந்தாள். அடிவாரம் வந்ததும் மேலாளர் போன் செய்தார். "சார், இன்னும் மலை மேலதான் இருக்கேன், டவர் சரியா இல்ல" என்றேன். "அப்பா, ஒண்ணாவது வளைவே முடிஞ்சிருச்சே" என்றாள் மகள்.

ஆபிரகாம் பயந்துபோய் மனைவி சாராளைச் சகோதரி என்று எகிப்தில் ஒரு தடவை, கேராரில் ஒரு தடவை சொன்னார். அப்போது மகன் ஈசாக்கு பிறக்கவே இல்லை. ஆனாலும் பெரியவனாகி அதே கேராரில், தன் மனைவி ரெபெக்காளைப் பற்றி அதே பொய்யைச் சொன்னார். வானத்திலிருந்து சாபம் விழுந்ததாக ஆதியாகமத்தில் இல்லை. பயம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

'மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்' என்பதை நான் இப்படித்தான் படிக்கிறேன். ஒரே கூரையின்கீழ் பூட்டன் முதல் பேரன் வரை இருந்த காலம் அது. ஒருவர் செய்வதை மற்றவர்கள் பார்க்காமல் இருக்க முடியாது. அதே வசனத்தில் 'என்னைப் பகைக்கிறவர்களை' என்றும் இருக்கிறது, ஏனோ அதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசியது என்று பாபிலோன் சிறையிருப்பில் இருந்த யூதர்களும் ஒரு பழமொழி வைத்திருந்தார்கள். எசேக்கியேல் 18 அதை இனிச் சொல்லாதே என்கிறது. பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும், மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. நான் அந்தத் தாளில் செய்ததும் அந்தப் பழமொழி வேலைதான். பூட்டன் பக்கம் நிரம்பியிருந்தது, என் பக்கம் காலி.

நல்லதும் இதே வழியில்தான் வருகிறது, அதற்கு யாரும் தாள் கொடுப்பதில்லை. அப்பாயி தினமும் அரிசி களைவதற்கு முன் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடும். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய அரிசியானாலும் ஒரு பிடி. அப்பாவுக்குச் சின்ன வயதில் அதைப் பார்த்தாலே கோபம் வருமாம். அம்மா இறந்த பிறகு அவரேதான் சமைத்துக்கொள்கிறார். குக்கரில் அரிசி போடும் முன் ஒரு பிடி தனியாகப் போகிறது. பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்ததாகத்தான் பவுல் எழுதுகிறார். உத்தரவாதம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ராஜாவான எசேக்கியாவின் மகன்தான் பொல்லாத ராஜா மனாசே.

சரி, உங்கள் அண்ணன். ஜெபத்துக்குப் போவதைத் தடுக்க மாட்டேன், மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். ரொம்ப நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குடிக்கு அடிமையாவதில் ஏறக்குறையப் பாதிப் பங்கு மரபணுவுக்கு என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். அதனால் உங்கள் மகன் வளர்ந்ததும் குடும்பக் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று அவர் அலுவலகத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து யாராவது போன் செய்கிறார்களா? அதை இன்றே நிறுத்தச் சொல்வேன்.

நான் அன்று மேலாளரைத் திரும்ப அழைக்கவில்லை. ஆனால் அப்புறம் மகளிடம், யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு என்று சொல்லி வைத்தேன். போன மாதம் சீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றபோது அவள்தான் போனாள். "அப்பா உள்ளதான் இருக்காரு, பணம்தான் இல்லையாம்."