பேடல் தொடங்குவோர் கேள்விகள்: காரைக்குடி வட்டாரத்திலிருந்து

கே (காரைக்குடி): அண்ணே, பேடல் டென்னிஸா, ஸ்குவாஷா?

ப: இரண்டின் சாயலும் உண்டு. இரண்டிரண்டு பேராக நாலு பேர் ஆட்டம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பின்பக்கமும் மூலைகளும் கண்ணாடி, பக்கவாட்டில் நடுப்பகுதி கம்பிவலை. 1969-ல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் என்ரிகே கோர்குவேரா தன் வீட்டில் கட்டிய ஆடுகளத்திலிருந்து பிறந்தது. புள்ளி எண்ணிக்கை டென்னிஸ் போலத்தான். பந்து தரையில் ஒருமுறை குத்தியபின் சுவரில் பட்டால் ஆட்டம் தொடரும். குத்தாமல் நேரே எதிராளியின் கண்ணாடியில் மோதினால் புள்ளி அவர்களுக்கு.

கே (தேவகோட்டை): எந்த பேட் வாங்கலாம்?

ப: வட்டத் தலை, 350 முதல் 365 கிராம், உள்ளே மெத்தென்ற ஃபோம். வைர வடிவ பேட்டில் எடை தலைப்பக்கம் ஏறியிருக்கும். நடுவில் படாத ஒவ்வொரு அடியும் முழங்கையில் இறங்கும். கைக்கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஒரு பந்துகூட அடிக்காதீர்கள். விதியும் அதுதான். வியர்த்த கையிலிருந்து நழுவும் பேட் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்குப் போகும்.

கே (கோட்டையூர்): சர்வீஸ் அடிக்கடி தப்பாகிறது.

ப: நெட்டிலிருந்து 6.95 மீட்டரில் உள்ள கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தைத் தரையில் குத்தி, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் அடிக்க வேண்டும். குறுக்கே எதிர்க் கட்டத்தில் விழுந்து கண்ணாடியில் பட்டால் சரி, கம்பிவலையில் பட்டால் தப்பு. வேகம் வேண்டாம், பக்கக் கண்ணாடியை ஒட்டி விழட்டும்.

கே (புதுவயல்): 25 வருஷமாக டென்னிஸ் ஆடுகிறேன். பந்து எழும்பும்போதே அடிப்பதுதான் ஆட்டம். கண்ணாடிக்குப் போகவிட்டு நிற்பது சோம்பேறித்தனம் இல்லையா?

ப: இல்லை ஐயா. பேடலின் உயிரே அங்கேதான். சர்வீஸ் கோட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே 3.05 மீட்டர்தான். ஆழமாக வரும் பந்தை எழும்பும்போதே வெட்டினால், அவசர அடி நெட்டருகே காத்து நிற்கும் இருவர் கைக்குப் போகிறது. விட்டுவிட்டால் தரையில் ஒருமுறை, கண்ணாடியில் ஒருமுறை வேகம் குறைந்து பந்து உங்களைத் தேடி வருகிறது. அவர்கள் தலைக்குமேல் உயர்த்திப் போட நேரம் கிடைக்கிறது.

கே (அதே புதுவயல்): ஸ்லைஸ், அதாவது சீவி அடித்த பின்சுழல் பந்து, வந்தால்? கண்ணாடியில் பட்டதும் செத்துவிடுகிறதே!

ப: அதில் உங்கள் கட்சி சரி. பின்சுழல் பந்து கண்ணாடியில் பட்டதும் கீழே வழுக்கும். முன்சுழல் பந்து மேலே ஏறும். அதனால் எதிராளி பேட்டை மேலிருந்து கீழே சீவினாரா, கீழிருந்து மேலே தூக்கினாரா என்று முதலில் பாருங்கள். சீவிய பந்து தாழ்வாக வந்தால் கண்ணாடிக்கு முன்பே எடுங்கள். மற்றதெல்லாம் கண்ணாடிக்கு.

கே (பள்ளத்தூர்): அப்படியானால் இருவர் சொல்வதும் சரிதானே?

ப: இல்லை ஆச்சி. பழக்கம் கண்ணாடியாக இருக்கட்டும், கண்ணாடிக்கு முன்பே எடுப்பது விதிவிலக்காக இருக்கட்டும். தலைகீழாகப் பழகினால் மாற்றுவது கடினம்.

கே (கானாடுகாத்தான்): எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) பழகலாமா?

ப: வேண்டாம் தம்பி. ஆத்தங்குடிக் கல்லில் திரும்பும் கால் வழுக்கும், தூணில் பட்ட பந்து எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. வெளியே சிமென்ட் தரையும் மதில் சுவரும் இருந்தால் போதும். டென்னிஸ் பந்தில் அழுத்தம் அதிகம்; பழகிக் காற்று இறங்கியதை எடுங்கள்.

கே (குன்றக்குடி): பேட் எது நல்லது?

ப: தேவகோட்டைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கே (செக்காலை): ஓட்டத்துக்கான ஷூ போதுமா?

ப: போதாது. உயர்ந்த மெத்தை அடியில் பக்கவாட்டில் திரும்பினால் கணுக்கால் மடங்கும். செயற்கைப் புல்லில் மணல் தூவியிருக்கும். மீன்முள் வரி போட்ட அடி உள்ள டென்னிஸ் ஷூ பிடிக்கும்.

கே (கண்டனூர்): 5 சென்ட் காலி மனையில் ஆடுகளம் கட்டலாமா?

ப: உள்ளளவே 200 சதுர மீட்டர், அதாவது 2,153 சதுர அடி, 5 சென்ட் அதிலேயே தீர்ந்தது. சுற்றி நடக்க, கண்ணாடி துடைக்க 7 சென்டாவது வேண்டும். நீளம் வடக்கு-தெற்காக இருக்கட்டும். இல்லாவிட்டால் மாலை வெயில் ஒரு பக்கத்தார் கண்ணில். மேலே 6 மீட்டருக்கு வேப்பங்கிளையோ மின்கம்பியோ கூடாது. பதப்படுத்திய கண்ணாடி, 10 அல்லது 12 மில்லிமீட்டர். வீட்டு ஜன்னல் கண்ணாடி போட்டால் மோதும் ஆள் மேலேயே துண்டு துண்டாக விழும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கே (சாக்கோட்டை): அண்ணே, 390 கிராம் பேட் தள்ளுபடியில்...

ப: 350 முதல் 365. கயிறு மாட்டுங்கள்.

கே (புதுவயல்): சரி, கண்ணாடிக்கு விட்டுப் பார்க்கிறேன். எப்படித் தொடங்குவது?

ப: ஒருவர் கையாலேயே பந்தைத் தரையில் குத்திப் பின்கண்ணாடிக்குப் போடட்டும். பேட்டை முன்பே பின்னால் இழுத்து, பக்கவாட்டில் திரும்பி, பந்து உங்களைக் கடக்கும்வரை சும்மா இருங்கள். திரும்பி வரும்போது அதோடு கூடவே முன்னால் இரண்டு அடி நடந்து, முழங்கால் உயரத்துக்கு இறங்கியதும் தள்ளுங்கள். வலக்கைப் பக்கம் 20, இடக்கைப் பக்கம் 20. பந்து மீது பாய்ந்தால் அந்த 20-ஐ மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.