அரசு மனநலப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்ட ஆறாம் நாள் தம்பியை இழந்தோம்: அரசைப் பொறுப்பாக்க முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அவனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தோம். சேர்க்கும்போதே என்னைத் தன் நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை விஷயங்களில் தனக்குத் துணைநின்று பேசுபவராக, எழுதிக் கையெழுத்திட்டான். அவன் இன்னும் சாவைப் பற்றியே பேசுகிறான் என்று பணியில் இருந்த மருத்துவரிடம் இரண்டு முறை சொன்னேன். ஒருமுறை எழுதியும் கொடுத்தேன். ஒன்பதாம் நாள், எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவனை டிஸ்சார்ஜ் செய்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். படுக்கை வேறொருவருக்குத் தேவை என்றார்கள். ஆறாம் நாள் அவன் இறந்துவிட்டான். எட்டு மாதம் ஆகிறது. கேஸ் ஷீட் கேட்டால் 'ரகசியம், தர முடியாது' என்கிறார்கள். சாக நினைப்பவரை யாராலும் தடுக்க முடியாது என்கிறார்கள். இனி நான் இருந்து என்ன என்று அம்மா அடிக்கடி சொல்கிறார். அரசைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சட்டத்துக்குள் போவதற்கு முன் உங்கள் தாயாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொல்வதைத் துக்கத்தில் வரும் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இந்த வாரத்துக்குள் அவரை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசுவதற்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நீங்களும் அந்த எண்ணை அழைக்கலாம். உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வழக்கு அதற்குப் பிறகுதான்.

உங்கள் கேள்விக்கு விடை: இடம் உண்டு. ஆனால் 'அவன் இறந்துவிட்டான், ஆகவே மருத்துவமனை தவறு செய்தது' என்ற வடிவில் வழக்கை வைத்தால் அது நிற்காது. சிகிச்சையின் முடிவு துயரமாக இருந்ததற்காக மட்டும் எந்த நீதிமன்றமும் கவனக்குறைவு என்று தீர்ப்பு எழுதுவதில்லை. அவர்களுக்கு அன்று என்ன தெரிந்திருந்தது, அது தெரிந்த நிலையில் சட்டம் அவர்களை என்ன செய்யச் சொன்னது, அதைச் செய்தார்களா என்ற மூன்று கேள்விகளின் மேல் உங்கள் வழக்கை நிறுத்த வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்தவரை, மூன்றாவது கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை 18-ஆம் பிரிவில் ஓர் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. 29-ஆம் பிரிவு, தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் குறைப்பதற்கான பொதுச் சுகாதாரத் திட்டங்களை வகுத்துச் செயல்படுத்துவது அரசின் கடமை என்கிறது. உங்கள் தம்பிக்கு இன்னும் நெருக்கமானது 115-ஆம் பிரிவு. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதன் முதல் பகுதி சொல்கிறது. இதைப் பலர் அறிவார்கள். அதே பிரிவின் இரண்டாம் பகுதி அதிகம் பேசப்படுவதில்லை: அப்படி முயன்றவர் மீண்டும் முயலும் ஆபத்தைக் குறைக்கும் பொருட்டு அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமை அரசுக்கு உண்டு. யாராலும் தடுக்க முடியாது என்று உங்களிடம் சொன்னவர்கள், தடுக்க முயல்வதையே தங்கள் கடமையாகச் சட்டம் வைத்திருப்பதை மறந்துவிட்டுப் பேசியிருக்கிறார்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் இருந்த தற்கொலை முயற்சிக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஆகவே அவனுடைய முதல் முயற்சியை வெளியே சொன்னால் ஏதேனும் வழக்கு வரும் என்ற அச்சம் உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் வழக்கின் அச்சாணி என்று நான் கருதுவது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98-ஆம் பிரிவு. டிஸ்சார்ஜ் திட்டமிடல் பற்றிய இந்தப் பிரிவை மருத்துவமனைகளே சரியாகப் படிப்பதில்லை என்பது என் அனுபவம். ஒருவரை மனநல நிறுவனத்திலிருந்து வெளியே அனுப்பும்போது, அவரிடமும், அவருடைய நியமனப் பிரதிநிதியிடமும், அவர் யாருடன் வசிக்கப் போகிறாரோ அந்தக் குடும்பத்தாரிடமும், இனி அவரைப் பார்க்கப்போகும் மனநல மருத்துவரிடமும் கலந்து பேசி, அடுத்து என்ன சிகிச்சை எப்படித் தொடரும் என்று ஒரு திட்டம் வகுக்க வேண்டும். அதை உறுதி செய்யும் பொறுப்பு, அதுவரை சிகிச்சை அளித்த மனநல மருத்துவருடையது. எல்லா டிஸ்சார்ஜுகளுக்கும் இது பொருந்தும் என்றும் அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. நீங்கள் எழுத்துமூலம் நியமிக்கப்பட்ட பிரதிநிதி. அவன் திரும்பி வந்தது உங்கள் வீட்டுக்கு. உங்களிடம் கேட்காமல் அனுப்பியிருந்தால் அதை மருத்துவரின் தொழில்முறை முடிவு என்று காட்டித் தப்பிக்க இயலாது. அனுப்பலாமா வேண்டாமா என்பது மருத்துவ முடிவு. அனுப்புமுன் கலந்து பேச வேண்டும் என்பது சட்டக் கடமை. இந்த இரண்டையும் வழக்கு முழுவதும் பிரித்தே வைத்திருங்கள்.

அவன் தானாகவே வெளியேற விரும்பினான் என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சுயேச்சையாகச் சேர்ந்த நோயாளி விரும்பியபோது வெளியேறலாம் என்பது உண்மை. ஆனால், அண்மையில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள முயன்றவரை, நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் நடக்கும் ஆதரவுடன் கூடிய சேர்க்கை தேவையா என்று மதிப்பிடுவதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம் என்று 88-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது பற்றி யாராவது யோசித்தார்களா என்பது கேஸ் ஷீட்டில் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. அவனைப் பூட்டி வைத்திருக்க வேண்டும், கட்டி வைத்திருக்க வேண்டும் என்ற வாதத்தைத் தயவுசெய்து மனுவில் எழுதாதீர்கள். உடல்ரீதியாகக் கட்டுப்படுத்துவதை 97-ஆம் பிரிவு மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. உங்கள் தம்பியைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களைக் காக்கும் விதி அது. நீங்கள் கேட்பது அவனுடைய சுதந்திரத்தைப் பறித்திருக்க வேண்டும் என்பதல்ல. அவனையும் உங்களையும் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும், ஒரு மாதம் அல்ல, ஒரு சில நாள்களில் மீண்டும் பார்த்திருக்க வேண்டும் என்பதே.

'படுக்கை தேவைப்பட்டது' என்ற விளக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 1996-லேயே பதில் சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, இடமில்லை, வசதியில்லை என்று பல அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில், அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் உரிய சிகிச்சை தராதது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும், நிதி இல்லை என்பது அந்தக் கடமையிலிருந்து அரசை விடுவிக்காது என்றும் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தொகை சிறியதுதான், கொள்கை இன்றும் நிற்கிறது. மனநலமும் அதே உயிர்வாழும் உரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்று, மாணவர் தற்கொலை தொடர்பான சுக்தேவ் சாஹா வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

'அது அவனே எடுத்த முடிவு, எங்கள் செயலுக்கும் அவன் சாவுக்கும் தொடர்பில்லை' என்ற வாதமும் வரும். எந்த ஆபத்தைத் தடுப்பதற்காக ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்களோ, அதே ஆபத்து நிகழ்ந்த பிறகு அதையே தொடர்பறுக்கும் காரணமாகக் காட்டுவது முறையல்ல என்பது நம் பதில். இதற்கு 2012-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரபோன் வழக்கு துணை செய்யும். தன் விருப்பத்தின் பேரில் சேர்ந்திருந்த இளம்பெண்ணைப் பெற்றோரின் கவலையையும் மீறி இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்ப, அவர் இறந்துபோனார். உண்மையான, உடனடியான ஆபத்து இருப்பதை அறிந்திருந்த அரசு மருத்துவ அமைப்புக்கு அவருடைய உயிரைக் காக்கும் கடமை இருந்தது, அது மீறப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயத்தை எடுத்துக்காட்டப் பயன்படும். உங்கள் நிலையோடு அது ஒத்துப்போவதை நீங்களே காண்பீர்கள்.

இனி, எங்கே போவது. எங்கு போனாலும் முதலில் ஆவணம் வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல், நியமனப் பிரதிநிதி படிவம், டிஸ்சார்ஜ் சீட்டு, காவல் துறையின் விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் திரட்டுங்கள். ரகசியம் என்ற விதி நோயாளியைக் காப்பதற்காக ஏற்பட்டது. மருத்துவமனையைக் காப்பதற்காக அல்ல. நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட உடனாளரோ கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில் உண்டு. ஆகவே எழுத்துமூலம், பதிவுத் தபாலில், தாயாரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேளுங்கள். அந்தக் கடிதத்திலேயே, வழக்கு தொடரவிருப்பதால் பதிவேடுகளை அழிக்கக் கூடாது என்றும் குறிப்பிடுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதில் கேஸ் ஷீட்டோடு நிற்காமல், டிஸ்சார்ஜ் திட்டமிடலுக்கு அந்த மனநலப் பிரிவில் எழுத்துமூலமான நடைமுறை உள்ளதா, அன்று பணியில் எத்தனை மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தனர் என்பதையும் கேளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தை நீங்கள் நினைத்திருந்தால், அந்தக் கதவு மூடியிருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் முடிவாகிவிட்டது. குற்ற வழக்கையும் நான் பரிந்துரைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்கும். மேலும், பல பேர் செய்ய வேண்டிய வேலையைத் தனியாகச் சுமந்த ஓர் இளம் மருத்துவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு, அந்த மனநலப் பிரிவை அப்படி நடத்திய அரசை வெளியே விடுவது நீதியாக எனக்குப் படவில்லை.

உங்களுக்குத் திறந்திருப்பவை மூன்று. நியமனப் பிரதிநிதி என்ற முறையில், சேவைக் குறைபாடு பற்றி மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின் கீழ் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதற்கு மேல் மாநில மனநல ஆணையத்திடமும் புகார் செய்யலாம். இழப்பீடு கேட்கும் இடமாக இதைக் கருதாதீர்கள். நடந்ததை அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்யும் இடம் இது. இரண்டாவது, மாநில மனித உரிமை ஆணையம். இதில் காலக்கெடு கடுமையானது: மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டு. உங்கள் வழக்கில் அந்த நாள் அவன் இறந்த நாள் அல்ல, அவனை அனுப்பிய நாள். உங்களிடம் நான்கு மாதத்துக்கும் குறைவாகவே இருக்கிறது.

மூன்றாவது நீதிமன்றம். கேஸ் ஷீட்டிலேயே மீறல் வெளிப்படையாகத் தெரிந்தால், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இழப்பீடு கேட்கலாம். ஒரிசாவில் காவலில் இருந்த மகனை இழந்த ஒரு தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசை இழப்பீடு தரச் சொன்ன வழி இது. ஆனால் நடந்தது என்ன என்பதிலேயே இரு தரப்புக்கும் தகராறு இருந்தால், சாட்சி விசாரணை தேவை என்று சொல்லி உயர் நீதிமன்றம் உங்களை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். அங்கே 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின் கீழ் வழக்கு தொடர வேண்டும். அந்தச் சட்டம் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்காக மட்டுமே வழக்கை அனுமதிக்கிறது. உடன்பிறந்தவருக்கு அதில் இடமில்லை. எவ்வளவு உழைத்தாலும் உங்கள் பெயரில் தாக்கல் செய்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே வழக்கு தள்ளுபடியாகலாம். தாயாரே வாதியாக இருக்கட்டும், நீங்கள் முதன்மைச் சாட்சியாக இருங்கள். காலக்கெடு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். அரசின் மீது வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் காலக்கெடுவில் கழிக்கப்படும் என்றாலும் அதை நம்பிக் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவரின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்பதை 1996-ஆம் ஆண்டின் அச்யுத்ராவ் கோட்வா தீர்ப்பு உறுதி செய்துள்ளதால், எதிர்வாதியாக மாநில அரசைச் சேர்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணி இவ்வளவு நாள் தள்ளிப்போட்டிருந்தால், பெண்கள் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எந்த மன்றத்துக்குப் போனாலும் கோரிக்கையில் பணத்தோடு நின்றுவிட வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று சேர்க்கப்பட்ட எவரையும், குடும்பத்தாரின் கையெழுத்துடன் கூடிய எழுத்துமூலத் திட்டமும் சில நாள்களுக்குள்ளான மறுபரிசோதனை நாளும் இல்லாமல் அந்த மருத்துவமனை இனி வெளியே அனுப்பக் கூடாது என்ற உத்தரவையும் தனிக் கோரிக்கையாகச் சேர்த்துக் கேளுங்கள். அதற்கான சட்ட அடிப்படை 98-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.