அச்சுப்பிழை இல்லை, எட்வர்டு மன்னர்தான்

பிரான்சின் மொன்பாசியே ஊரை 1284இல் நிறுவியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு என்று படித்தேன், அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. அவர் தென்மேற்கு பிரான்சில் உள்ள அக்கிட்டேன் பகுதியின் கோமகனும்கூட. அந்த மண்ணைப் பொறுத்தவரை பிரெஞ்சு மன்னருக்குக் கட்டுப்பட்டவர். அந்த மண்ணின் எல்லையோரம் சந்தை ஊர் அமைத்தால் குடிகள் வருவார்கள், வரியும் வரும். அதனால் பக்கத்து ஊரான பிரோனின் பிரபுவோடு ஒப்பந்தம் போட்டு, கட்டம் கட்டமாகத் தெரு வகுத்தார்கள். இப்படிப்பட்ட ஊர்களை 'பாஸ்டீட்' என்பார்கள்.

நேரில் போனால் சதுக்கத்து மரக் கொட்டகையைப் பாருங்கள். தானியம் அளந்த பழைய அளவைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அப்புறம், வீடுகளுக்கு நடுவே ஆள் நுழைய முடியாத சந்துகள்! தீ பரவாமல் இருக்கவும் கழிவுநீர் ஓடவும் விட்டவை. எனக்கு அவைதான் ரொம்பப் பிடிக்கும்.