மஞ்சள் அங்கிக்காரர்கள் இடதா, வலதா?

செமினார் கட்டுரையில் பிரான்ஸின் மஞ்சள் அங்கிப் போராட்டத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள், கோரிக்கையிலிருந்து தொடங்குங்கள். 2018 நவம்பர் 17 அன்று ரவுண்டானாக்களை மறித்தவர்களில் பலர் பஸ் சரியாக ஓடாத ஊர்க்காரர்கள். வேலைக்குப் போக கார்தான் கதி. டீசல் வரி ஏறுகிறது. பணக்காரர்களின் செல்வ வரியையோ அதிபர் மக்ரோனின் அரசு அந்த ஆண்டுதான் வீடு, நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தது. எரிபொருள் வரியைக் குறை என்றால் வலதுசாரிக் குரல், செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவா என்றால் இடதுசாரிக் குரல். இரண்டும் ஒரே கூட்டத்திலிருந்து வந்தன. (அவர்கள் போட்டுக்கொண்ட அந்த ஒளிரும் மஞ்சள் அங்கி பிரான்ஸில் சட்டப்படி எல்லாக் காரிலும் இருக்க வேண்டியது. சீருடைச் செலவு மிச்சம்!) அப்புறம், மக்களே முன்வைக்கும் பொதுவாக்கெடுப்பு கேட்டார்களே, அதை விட்டுவிடாதீர்கள், கட்சிகள் மேல் இருந்த அவநம்பிக்கை அதில் தெரியும். டிசம்பரில் வரி உயர்வு கைவிடப்பட்ட பிறகும் சனிக்கிழமை ஊர்வலங்கள் ஓயவில்லை.