இங்கிலாந்துக் கால்வாய்களில் நாமே படகு ஓட்டிப் போக முடியுமா? படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளான லாக்குகளைக் கடப்பது கஷ்டமா? எத்தனை பேர் வேண்டும்?

முடியும். வாடகைப் படகுக்கு ஓட்டுநர் உரிமம் எதுவும் வேண்டாம். கிளம்புமுன் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் சாவியைக் கையில் தருவார்கள். சொந்தப் படகு வாங்கிப் போவதென்றால் கதை வேறு. கால்வாய்களைப் பராமரிக்கும் அமைப்பான கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்டிடம் படகுக்கு உரிமம் எடுக்க வேண்டும், காப்பீடு வேண்டும், 4 ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாதவர்கள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது.

நான், மனைவி, மச்சினன் மூவரும் ஒரு வாரம் லாங்கோலன் கால்வாயில் போனோம். இங்கிலாந்தில் இருக்கும் ரென்பரியில் ஏறி, வேல்ஸுக்குள் இருக்கும் லாங்கோலன் ஊர் வரை. போக 12 லாக், திரும்ப அதே 12. படகின் நீளம் 57 அடி; அகலம் 7 அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் லாக்கின் அகலமே 7 அடிதான்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. மேலே ஏற வேண்டுமென்றால் காலியான தொட்டிக்குள் படகை விட்டு, பின்னால் இருக்கும் கதவை மூடி, மேல்பக்க மதகைத் திறக்க வேண்டும். மதகைத் திறக்கும் வளைந்த இரும்புக் கைப்பிடிக்கு விண்ட்லஸ் என்று பெயர். பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் மதகு உயரும், தண்ணீர் பாயும், படகு தானாக எழும்பும். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகும்வரை கதவு அசையாது. எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. சமமான அந்த நிமிடம், நீண்ட மரத்தடியில் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் மெதுவாகத் திறந்துகொள்ளும். இவ்வளவுதான் வேலை. வழியில் கிரிண்ட்லி புரூக் என்ற இடத்தில் மட்டும் 6 லாக் வரிசையாக வரும். அதில் மேலே உள்ள மூன்றும் படிக்கட்டு மாதிரி ஒட்டியிருக்கும், ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்கதவு. சீசனில் அங்கே லாக்கைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் இருப்பார். அவர் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. மேல்கதவுக்கு அடியில், தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு கல்திட்டு இருக்கும், சில் என்பார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். திரும்பும்போது நியூ மார்ட்டன் என்ற இடத்து லாக்கில், முன்கதவில் இடிக்கக்கூடாதே என்று ரிவர்ஸ் போட்ட நான் நியூட்ரலுக்கு மாற்ற மறந்துவிட்டேன். படகு அங்குலம் அங்குலமாகப் பின்னால் போயிருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்க முன்பக்கம் தாழ்ந்தது, பின்பக்கம் திட்டில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே தட்டு ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. கரையில் நின்ற மனைவி கத்திக்கொண்டே கீழ்மதகைச் சுற்றி இறக்கினாள். மச்சினன் ஓடிப்போய் மேல்மதகைக் கொஞ்சமாகத் திறந்தான். தண்ணீர் ஏறி, படகு நிமிர்ந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் முன்பக்கம் மூழ்கியிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு லாக்கிலும் ஒருவர் அந்தக் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றோம். மதகு திறந்திருக்கும்போது விண்ட்லஸை வைத்திருப்பவர் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது, போனையும் எடுக்கக்கூடாது. இதை நீங்களும் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

ஓட்டுவது அரைநாளில் பழகிவிடும். சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், அது ஒன்றுதான் முதலில் குழப்பும். எதிரே படகு வந்தால் வலது ஓரம். வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதுவும் கரையில் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது இன்னும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படகுகளைக் கட்ட அடித்துவைத்த முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இந்தக் கால்வாயில் இன்னொரு விஷயம், தண்ணீர் ஓடும். ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் தடுப்பணையில் டீ (Dee) என்ற ஆற்றிலிருந்து எடுத்த தண்ணீர் இது வழியாக ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீராகப் போகிறது. அதனால் போகும்போது எதிரோட்டம். திரும்பும்போது எங்களுக்கு நன்றாகவே நேரம் மிச்சமானது.

அப்புறம் பொன்ட்கிசில்டே. 1805-இல் திறந்த நீர்ப்பாலம், டெல்ஃபோர்ட், ஜெஸப் என்ற பொறியாளர்கள் கட்டியது. 307 மீட்டர் நீள இரும்புத் தொட்டி, ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் இருக்கும். மறுபக்கம் தொட்டியின் விளிம்போடு சரி, தடுப்பே கிடையாது. சுக்கான் பிடித்து நின்றபடி எட்டிப் பார்த்தேன், கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. பிள்ளைகளோடு போனால் அந்தப் பத்து நிமிடமும் அவர்களை உள்ளேயே உட்கார வையுங்கள், ஜன்னல் வழியாகவே எல்லாம் தெரியும். அதைத் தாண்டினால் லாங்கோலன் வரை சில இடங்களில் ஒரு படகுதான் போக முடியும். மச்சினன் முன்னால் நடந்துபோய், எதிரே யாரும் வரவில்லை என்று பார்த்துக் கை காட்டியபிறகே படகை விட்டோம்.

எத்தனை பேர் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு பேரால் முடியும், மூன்று பேர் இருந்தால் நிம்மதி.